பத்து நிமிடத்துக்கு ஒரு கடிதம்

ஆற்றுக் காவல் நிலையத்துக் கணினியைக் கடைசியாகத் தொட்டவன் நான்தான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. என் பெயர் டமார். மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியன். கணினி நிரல் எழுதுபவன் என்று பெயர். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் கெண்டிஸ் ஆற்றில் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் ஓடாது. எரிமலை கக்கிய மணல்தான் கிடக்கும். கரையிலிருக்கும் சும்பர்லோ கிராமமே அந்த மணலை அள்ளி விற்றுத்தான் சாப்பிடுகிறது. மலை உச்சியில் மழை கொட்டினால் நாற்பது நிமிடத்தில் சேறும் பாறையும் ஆற்றை நிறைத்துக்கொண்டு இறங்கிவரும். அப்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆற்றுக்குள் மண்வெட்டியோடு நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் உச்சியில் ஒரு மழைமானி, காவல் நிலையத்தில் ஒரு கணினி, கரையோரம் மூன்று சங்குகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தன் கடிகாரத்தைப் பார்த்து மழையளவைக் கேட்டு வாங்கும். வரம்பைத் தொட்டால் மூன்று சங்கும் ஊதும். ஆற்றுக்குள் இருப்பவர்கள் போட்டது போட்டபடி கரையேறுவார்கள்.

இந்த நிரலைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கல்லூரிப் பையன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதியது. அசிங்கமான நிரல்; படித்தால் தலை வலிக்கும். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் அலுவலகத் தலைவர் பாக் சுமர்வோத்தோவுக்கு ஒரு பெரிய திரை வேண்டியிருந்தது. பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா; மாஸ் என்றால் தம்பி. மழை ஏறுவதும் இறங்குவதும் அதில் கோடாக ஓட வேண்டும், பச்சை மஞ்சள் சிவப்பு என்று வண்ணம் மாற வேண்டும், மாவட்டத் தலைவர் வந்து அதைத் திறந்துவைக்க வேண்டும். அந்தப் படம் வரையும் நிரல் பைத்தானின் மூன்றாம் பதிப்பில்தான் ஓடும். இரண்டில் எழுதியது மூன்றுக்குப் புரியாது. அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம்தான், பேச்சுவார்த்தை கிடையாது.

"இன்னொரு கம்ப்யூட்டர் குடுங்க பாக். ஒரே உறையில ரெண்டு கத்தி வேணாம்" என்றேன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் மாஸ். நீங்க கெட்டிக்காரரு, சமாளிச்சிருவீங்க" என்றார் தலைவர். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் நம்மைக் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் மறுத்துப் பேச வாய் வராது. எனக்கும் வரவில்லை.

இரண்டு பதிப்பையும் ஏற்றினேன். கணினியின் பொதுப் பதிப்பாக மூன்றை வைத்தேன். கணினிக்குள் சங்கின் நிரல் இருக்கும் கோப்பறைக்குள் நான் நுழைந்தால் மட்டும் இரண்டு எழுந்து வரும்படி, பதிப்புகளை மாற்றிவிடும் ஒரு சின்னக் கருவியைக் காவலுக்கு வைத்தேன். எந்த அறையில் நின்று கூப்பிட்டாலும் சரியான ஆள் வருவான். செய்து முடித்ததும் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

காவல் நிலையத்தில் பகல் காவல் பாக் வகியோவினுடையது. அறுபத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் ஆற்றில் மணல் அள்ளியவர்; முதுகு போனபின் இங்கே உட்கார்ந்தார். அவருடைய ஒரே மகள் லாஸ்த்ரியின் புருஷன் குவாத் இப்போது அதே ஆற்றில் மணல் அள்ளினான். நான் தட்டிக்கொண்டிருந்ததை அவர் கிராம்புச் சிகரெட் புகைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே அடுப்புல ரெண்டு மருமக. யாரு பொங்குவா மாஸ்?"

"ரெண்டு பேருக்கும் தனித்தனி நேரம் பாக். நடுவுல ஒரு மாமியாரை வச்சிருக்கேன்."

"மாமியாரு ஊருக்குப் போயிட்டா?"

நான் சிரித்தேன். சங்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, வரம்பைச் சுழியத்துக்கு இறக்கி, நிரலை என் கையால் ஓட்டிக் காட்டினேன். சங்குக்குப் பதிலாக வைத்த விளக்கு எரிந்தது. மறுபடி ஓட்டினேன், எரிந்தது. பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் எரிந்தது.

"நீங்க தட்டுனா எரியுது. கடிகாரம் தட்டுனா எரியுமா?" என்றார் வகியோ. "நீங்க இல்லாதப்ப அதானே தட்டப்போவுது? ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்து பாப்பமே. சங்கையும் மாட்டுங்க. ஒரு தடவ அதுவா ஊதட்டும்."

படிக்காத மனிதர் கேட்ட கேள்வி அது. நான்கு வருடம் கல்லூரியில் படித்த எனக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது, அந்த வயதானவர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனைப் போட்டேன். அவர் அடியோடு மறுத்தார். நாளைக்குத் திறப்பு விழா, ஆறு நிறைய ஆள், சங்கு ஊதினால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், பிறகு கல்லெறிவார்கள் என்றார். "வழக்கம்போல க்லிவோன் வெள்ளிக்கிழமை ஊதிப் பாத்துக்கலாம்." ஏழு நாள் வாரமும் எங்கள் ஐந்து நாள் சந்தை வாரமும் கூடுகிற அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். அன்று ஆற்றுக்குள் யாரும் இறங்கமாட்டார்கள். ஆகவே சங்கு சோதனை அன்றுதான். போன சோதனை முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"சரி பாக்" என்றேன். வரம்பைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டுக் கம்பியை மாட்டினேன். விழாவில் மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டி மாவட்டத் தலைவர் பாக் சுமர்வோத்தோவுக்குக் கொடுத்தார், அவர் ஒரு வாய் எடுத்துவிட்டு எனக்குக் கொடுத்தார். திரையில் கோடு பச்சையாக ஓடியது.

நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை. நான் காவலுக்கு வைத்த கருவி, நான் உள்ளே நுழையும்போது மட்டும்தான் எழுந்து வரும். கடிகாரம் நிரலைக் கூப்பிடும்போது அது இருக்காது. கடிகாரத்துக்கு என் ஏற்பாடு எதுவும் தெரியாது. பொதுவாக இருக்கும் மூன்றையே எழுப்பும். மூன்று அந்த நிரலின் நாற்பத்தோராம் வரியில் தடுக்கி விழுந்து செத்துப்போகும். மழையளவைக் கேட்டு எழுதிவைப்பதும் அதே பழைய நிரல்தான் என்பதால், பெரிய திரை கடைசியாக எழுதப்பட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. சுழியம், பச்சை. கோடைக் கடைசியில் உண்மையிலும் மழை சுழியம்தான். யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

அந்தக் கணினி வாயைப் பொத்திக்கொண்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு முறை விழும்போதும், விழுந்த காரணத்தை எழுதி என் பெயருக்கு ஒரு கடிதம் போட்டது. கணினிக்குள்ளேயே இருக்கும் அஞ்சல்பெட்டி அது. உள்ளே நுழைந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும்: உங்களுக்குப் புதிய கடிதம் இருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. சுவரில் எழுதிய "இங்கே விளம்பரம் செய்யாதீர்" மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். திறப்பு விழாவுக்குப் பிறகு நான் அலுவலகத்திலிருந்தே நான்கு முறை அந்தக் கணினிக்குள் போனேன். பச்சை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்று தலைவர் கேட்டிருந்தார். நான்கு முறையும் அந்த வரி என் கண்முன்னால் வந்தது.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குக் கெண்டிஸ் ஆறு இறங்கி வந்தது. நான்கு பேர் சேற்றோடு போனார்கள். அதில் ஒருவன் குவாத்.

பாக் வகியோ அன்று நோன்பு. பகல் தொழுகை முடித்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். கரையில் லாரிக்காரர்கள் அலறியதும் எழுந்து, சங்கைக் கையால் ஊதவிட்டார். அப்போது ஆற்றுக்குள் கூப்பிட்டுக் கரையேற்ற ஆள் இல்லை.

நான் ஐந்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். கணினிக்குள் நுழைந்தேன். முதல்முறையாக அந்தக் கடிதங்களைத் திறந்தேன். இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம், நாற்பத்தோராம் வரி. மலையில் மழை விடவில்லை. மறுபடி இறங்கிவிட்டால் என்ன செய்வது? கடிகாரத்தின் பட்டியலில், இரண்டாம் பதிப்பு இருக்கும் முழு முகவரியை எழுதினேன். அரை நிமிட வேலை.

தலைவர் வந்ததும் கடிதங்களைக் காட்டினேன். அவர் நின்றுகொண்டே படித்தார்.

"இப்ப ஊதுமா?"

"ஊதும் பாக். இப்ப சரிபண்ணிட்டேன்."

"அப்போ சங்குல கோளாறு இல்ல."

"பாக், இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்..."

"அதை யாரு கேட்டா? மாஸ், செத்தவங்க திரும்பி வரப்போறதில்ல. மெஷினு ஊதலன்னு சொல்லுங்க, அடுத்த கேள்வி என்ன? யாரு தொட்டான்னு. தொட்டது யாரு?" அவர் என் தோளில் கை வைத்தார். "அந்தக் குப்பையை எல்லாம் அழிச்சிருங்க."

அழிக்கவில்லை. ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எதைச் செய்யவும் தைரியம் இல்லாதவன் எதையும் அழிக்கவும் மாட்டான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. வரம்பைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு எல்லோரும் காத்திருந்தோம், கடிகாரமே ஓட்டட்டும் என்று. வகியோ அன்றைக்குக் கேட்ட அதே சோதனை. பத்து மணிக்குச் சரியாக மூன்று சங்கும் ஊதின. கூரைக்குமேல் ஊதிய சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வகியோவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், சங்கை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதிகாரி பொத்தானைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பிறகு வகியோவைப் பார்த்தார்.

"பெரியவரே, சங்கு நல்லாத்தான் ஊதுது. நேத்து சேறு வர்றதுக்கு முன்னாடி ஏன் யாருக்கும் கேக்கல?"

வகியோ தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பொத்தானுக்கும் நாற்காலிக்கும் இடையே அந்தக் கையை ஒருமுறை நீட்டிப் பார்த்தார்.

"நான்தான் அமுக்கிட்டேன் போல" என்றார். "நோன்புக் களைப்பு. அசந்துட்டேன். அலாரத்தை அமுக்கிட்டுத் தூங்கற மாதிரி... கை தானா போயிருக்கும். மாஸ் பத்துத் தடவ சோதிச்சாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மெஷினு மேல குத்தமில்ல."

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். பென்டிரைவ் சட்டைப்பையில் இருந்தது. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதன்பிறகு கிராமத்தில் மூன்று பேர், அன்று சங்கு 'ஊ' என்று தொடங்கிச் சட்டென்று நின்றதைத் தங்கள் காதால் கேட்டதாகவே சத்தியம் செய்தார்கள். வகியோவுக்குப் பதினெட்டு மாதச் சிறை. வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். லாஸ்த்ரி அப்பாவின் வீட்டைவிட்டு, இரண்டு வயதுக் குழந்தையோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு அறைக்குப் போனாள். மணல் அள்ளுபவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்றாள். அப்பாவைப் பார்க்க ஒரு தடவையும் போகவில்லை.

நான் சாப்பிட்டேன், சம்பளம் வாங்கினேன், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எட்டாவது மாதம், படம் வரையும் நிரலுக்கு இன்னும் புதிய பதிப்பு வேண்டும் என்று அதே கணினிக்குள் நுழைந்தேன். கறுப்புத் திரையில் அந்த வரி வந்தது: உங்களுக்குப் புதிய கடிதம் இருக்கிறது. திறந்து பார்த்தால், கணினி வட்டில் இடம் குறைகிறது என்று ஒரு சாதாரண எச்சரிக்கை. அதை நான்கு முறை படித்தேன். அடுத்த நாள் விடுப்பு போட்டுவிட்டுச் சிறைக்குப் போனேன்.

வகியோ மெலிந்திருந்தார். நான் கொண்டுபோன சோயாத் தெம்பே வறுவலை மேசைமேல் வைத்துவிட்டு, நலமா என்றுகூடக் கேட்காமல் சொன்னேன். கடிதங்களைச் சொன்னேன், அரை நிமிடத்தில் நான் மாற்றியதைச் சொன்னேன், அந்தக் காலையில் ஊதியது நான் மாற்றியபின் ஊதிய சங்கு என்றும் சொன்னேன்.

"அப்போ நான் அமுக்கலியா?"

"இல்ல பாக்."

"இந்தக் கை அமுக்கல?"

"அமுக்கல பாக். சங்கு தானா ஊதவே இல்ல. நீங்க முழிச்சிட்டு இருந்திருந்தாலும் ஊதியிருக்காது."

அவர் மறுபடி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "எட்டு மாசமா இந்தக் கையால சோறு திங்கல நானு" என்றார். "எடது கைதான். பாக்கறவன் எல்லாம் சிரிக்கறான்." என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"போலீஸ்ல சொல்லிடறேன் பாக். இன்னிக்கே போறேன். நீங்க வெளிய வந்துருவீங்க."

"போலீஸ் கெடக்கட்டும்!" அவர் மேசையைத் தட்டினார். "லாஸ்த்ரிகிட்ட சொல்லுங்க. மொதல்ல அவகிட்ட. எம்புள்ள என் மூஞ்சியில முழிக்கல மாஸ்."

லாஸ்த்ரி வாசலில் உட்கார்ந்து வாழையிலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி. குழந்தை அவள் முதுகில் கட்டிய துணியில் தூங்கியது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை ஒரு பொட்டலத்தைக்கூடத் தவறவிடவில்லை. நான் முடித்தபோது கடைசிப் பொட்டலத்துக்கு ஈர்க்குச்சி குத்தினாள்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. தலைவருக்கு. இப்ப உங்கப்பாவுக்கு."

"எங்கப்பா அமுக்கலன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"அவர்தான் என் புருஷனைக் கொன்னவர்னு நான் தெருவுல நின்னு கத்துனப்ப, நீங்க ஈமச் சோறு தின்னுட்டு இருந்தீங்க. என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்க. சக்கரை போதுமான்னு கேட்டேன்."

கேட்டாள். போதும் என்று நான் சொன்னேன். அந்த டீயின் இனிப்பு இப்போதும் என் நாக்கில் இருக்கிறது.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க" என்றாள். பள்ளிவாசலுக்குள் போனோம். மைக் இருந்த அலமாரிக்கு முன்னால் பொறுப்பாளர் பெரியவர் துடைப்பத்தோடு நின்றிருந்தார். லாஸ்த்ரி சாவி கேட்டாள்.

"எதுக்கும்மா? பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கே. மத்தபடி மரணச் செய்திக்குத்தான் தொறப்போம்."

"இதுவும் மரணச் செய்திதான் பாக். போன தடவ பாதிதான் சொன்னீங்க."

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். லாஸ்த்ரி ஒலிபெருக்கியைப் போட்டாள். கூரையில் நான்கு திசைக்கும் இருந்த குழல்கள் ஒருமுறை கரகரத்தன. திறந்த சன்னல் வழியாகக் கீழே ஆறு தெரிந்தது. முப்பது நாற்பது பேர் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள், லாரிகள் வரிசையில் நின்றன. மேலே மலையை மேகம் மூடியிருந்தது.

"இதுலதான் என் புருஷன் பேரைச் சொன்னாங்க" என்றாள். "ஆத்து வரைக்கும் நல்லாக் கேக்கும். ஒயரும் வேணாம், கம்ப்யூட்டரும் வேணாம். அன்னிக்கு ஒருத்தராவது இதுல கத்தியிருந்தா போதும், சங்கு இருக்குன்னு எல்லாரும் சும்மா இருந்தாங்க. பேசுங்க."

நான் மைக்கைப் பிடித்தேன். மரணச் செய்தி சொல்பவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. நான் சொன்னேன்.

"நான் டமார். பேரிடர் அலுவலகத்துல கம்ப்யூட்டர் பாக்கறவன். குவாத்தும் மத்த மூணு பேரும் செத்த அன்னிக்கு சங்கு தானா ஊதல. அதுக்கு முன்னாடி பத்தொம்பது நாளா அது ஊதற நெலமையில இல்ல. கெடுத்தது நான். பாக் வகியோ பொத்தானைத் தொடல."

என் குரல் ஆற்றைத் தொட்டுக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. கீழே மண்வெட்டிகள் நின்றன. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் நிமிர்ந்து பள்ளிவாசல் மேட்டைப் பார்த்தார்கள். ஒரு லாரிக்காரன் இஞ்சினை அணைத்தான்.

நான் மைக்கைக் கீழே வைக்கப் போனேன். லாஸ்த்ரி என் மணிக்கட்டைப் பிடித்து அதை மறுபடி என் வாய்க்கு நேராகத் தூக்கினாள். அவள் விரல்களில் சோற்று ஈரம் இருந்தது.

"எங்கூர்ல மரணச் செய்தியை மூணு தடவ சொல்லணும்" என்றாள்.